படம் திக்குது சார்!

போன இதழில் லேப்டாப்பை டிவியோடு இணைப்பது பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், பாலக்கோட்டில் ஆரம்பித்து தளி வரைக்கும் கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டது. இணைப்பது எல்லோருக்கும் வந்துவிட்டது, இணைத்த பிறகு வருவதுதான் வம்பு போலிருக்கிறது. பாதிப் பேர் ஏற்கெனவே எதையோ வாங்கிப் போட்டுவிட்டு, அது பலிக்காமல் போன பிறகு எழுதியிருக்கிறீர்கள். அடுத்த தடவை முதலில் எழுதுங்கள், அப்புறம் வாங்குங்கள்.

சார், எங்களிடம் இருப்பது 43 இன்ச் 4கே டிவி. பழைய லேப்டாப்பிலிருந்து ஹெச்டிஎம்ஐ வயர் போட்டுப் படம் பார்க்கிறோம். லேப்டாப் திரையில் நன்றாக ஓடுகிற படம், டிவியில் கேமரா பக்கவாட்டில் நகரும்போதெல்லாம் உதறி உதறிப் போகிறது. கடையில் கேட்டேன், வயரை மாற்று என்றார்கள். மாற்றினேன், 900 ரூபாய் போனதுதான் மிச்சம். டிவியே கோளாறா?
— வாசகர், பாலக்கோடு

டிவியும் இல்லை, வயரும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஹெச்டிஎம்ஐ வயர் கெட்டால் படம் இப்படி உதறாது. திரையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெறிக்கும், இல்லாவிட்டால் ஒரு நொடி இரண்டு நொடி திரை முழுக்கக் கறுத்துப்போய்த் திரும்பி வரும். உங்களுடையது தாளம் தப்புகிற கேஸ்.

படத்தை நிறுத்திவிட்டு, டிவி திரையில் மவுஸ் அம்புக்குறியை வேகமாக இங்கும் அங்கும் இழுத்துப் பாருங்கள். லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு போகிற அம்பு டிவியில் தத்தித் தத்திப் போனால் ஆள் பிடிபட்டுவிட்டான்: டிவிக்கு நொடிக்கு 30 தடவைதான் படம் போய்க்கொண்டிருக்கிறது. பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் இருப்பது ஹெச்டிஎம்ஐயின் பழைய பதிப்பான 1.4. அதில் 4கே அளவுப் படம் நொடிக்கு 30 தடவைக்கு மேல் போகாது, 60 தடவை போக வேண்டுமென்றால் 2013-ல் வந்த 2.0 வேண்டும். விண்டோஸ் என்ன செய்கிறது என்றால், பெரிய டிவி வந்து மாட்டிக்கொண்டதும் ஆசையாக 4கேவைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேகத்தைக் கோட்டை விட்டுவிடுகிறது.

இதில் சினிமாவுக்கு என்ன வந்தது? சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். 30 இடத்தில் 24 பேரை உட்கார வைக்க வேண்டுமென்றால் நாலு ஃபிரேமுக்கு ஒரு ஃபிரேம் இரண்டு தடவை வந்தாக வேண்டும். மூன்று அடி சரியாக விழுந்து நாலாவது அடி இழுத்துக்கொண்டால் கூத்தாடுகிறவர் கால் என்ன ஆகும்? அதுதான் உங்கள் திரையிலும் நடக்கிறது. ஆட்கள் நின்று பேசும் காட்சியில் தெரியாது, கேமரா வயலையோ மலையையோ மெதுவாகத் தடவிக்கொண்டு போகும்போது பளிச்சென்று தெரியும். 60-ல் வைத்தால் ஒரு ஃபிரேம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று மாறி மாறி வரும், அதுவும் முழுச் சமம் இல்லை, ஆனால் இடைவெளி சின்னதாகிவிடுவதால் கண்ணை அவ்வளவாக உறுத்தாது.

இப்போது செய்ய வேண்டியது: விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் டிஸ்ப்ளே போங்கள். மேலே இரண்டு பெட்டி தெரியும், டிவிக்கான பெட்டியைத் தேர்ந்தெடுத்த பிறகே மற்றதைத் தொடுங்கள் (பாதிப் பேர் லேப்டாப் திரையின் அளவை மாற்றிவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள்). ரெசல்யூஷனை 1920 x 1080 ஆக்குங்கள். பிறகு அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ரெஃப்ரெஷ் ரேட் என்று இருப்பதை 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 தடவை, ஆக்குங்கள். 4கேவை விட்டுக்கொடுக்க மனம் வராது, தெரியும். ஆனால் நீங்கள் பார்க்கிற ஃபைல்கள் முக்கால்வாசி 1080தான், பத்தடி தள்ளி உட்கார்ந்து 43 இன்ச்சில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவும் தெரியாது.

கூடவே விண்டோஸ் பொத்தானையும் ‘பி’ எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ‘செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி’யைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு திரையிலும் ஒரே படத்தைக் காட்டச் சொன்னால், இரண்டின் வேகமும் வேறு வேறாக இருக்கும்போது கம்ப்யூட்டர் ஏதாவது ஒன்றின் தாளத்துக்குத்தான் ஆடும், மற்றொன்றில் படம் கிழியும் அல்லது உதறும்.

இன்னும் சுத்தமாக வேண்டும் என்கிறவர்கள் அதே பட்டியலில் 24 ஹெர்ட்ஸ் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் படம் பார்க்கும்போது மட்டும் அதைப் போட்டுக்கொள்ளலாம், ஃபிரேமுக்கு ஒரு தடவை, கணக்கு முடிந்தது. 23.976 என்றும் ஒன்று இருக்கும், ப்ளூரேயிலிருந்து எடுத்த ஃபைல்கள் பெரும்பாலும் அந்த வேகம்தான். பழைய சீரியல், டிவியில் பதிவு செய்தது எல்லாம் நம் நாட்டில் 25 ஃபிரேம், அதற்கு 50 ஹெர்ட்ஸ்தான் பொருத்தம். படம் முடிந்ததும் 60-க்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் மவுஸ் ஊர்கிறது என்று எனக்கே இன்னொரு கடிதம் வரும்.

உங்களைக் கிண்டல் செய்கிற தகுதி எனக்கு இல்லை. இதே உதறலுக்காக நானும் ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு ‘நல்ல’ வயர் வாங்கியவன்தான். அதுவும் பத்து மீட்டர், சுவரில் ஆணி அடித்து, நிலைப்படி மேலே ஏற்றி இறக்கி, வீட்டில் திட்டு வாங்கி. சாதாரண செம்பு வயர் அத்தனை நீளத்துக்கு 4கேவைச் சுமக்கத் திணறும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. உதறலோடு சேர்த்து வெள்ளைப் புள்ளியும் வந்தது. கடைசியில் இரண்டு நிமிஷ செட்டிங்கில் உதறல் போனது. 1080-க்கு இறக்கியதும் புள்ளியும் போனது. வயர் இன்னும் சுவரில்தான் இருக்கிறது, கழற்றினால் மறுபடி சுண்ணாம்பு அடிக்கணும்.

போனில் எடுத்த 4கே வீடியோவை 2014-ல் வாங்கிய லேப்டாப்பில் போட்டால் சத்தம் ஓடுகிறது, படம் நின்று நின்று வருகிறது. டிவியில் மட்டும் இல்லை, லேப்டாப்பிலும் அப்படித்தான். ரேம் கூட்டினால் சரியாகுமா?
— ஓசூர், சிப்காட் பகுதி

ரேமுக்கும் இதற்கும் சம்பந்தம் கம்மி. லேப்டாப்பிலேயே திக்குகிறது என்று எழுதினீர்களே, அதில் பாதி வேலை முடிந்துவிட்டது, டிவியையும் வயரையும் மறந்துவிடலாம்.

இப்போதைய போன்கள் பலவும் வீடியோவை ஹெச்இவிசி, அதாவது ஹெச்.265 என்கிற முறையில் இறுக்கிச் சுருட்டி வைக்கின்றன. ஃபைல் சின்னதாகும், விரிப்பதற்குத்தான் வேலை அதிகம். புதிய சிப்புகளில் இந்த விரிக்கும் வேலைக்கென்றே தனி சர்க்யூட் உண்டு. உங்கள் லேப்டாப்பில் அநேகமாக இன்டெல் 4வது தலைமுறைச் சிப் இருக்கும், அதில் ஹெச்.264 என்கிற முந்தைய முறைக்கு அப்படி முழுச் சர்க்யூட் இருக்கிறது, 265-க்கு இல்லை. நிற விவரம் கூடுதலாக உள்ள 10 பிட் 265 வரை முழுசாகக் கையாள்வது 7வது தலைமுறையில்தான் வந்தது. அதனால் எல்லாப் பாரமும் சிபியு தலையில் விழுகிறது. வீடியோ ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், சிபியு 100-ஐத் தொட்டுக்கொண்டு நின்றால் இதுதான். அந்த நேரத்தில் அது சத்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டு ஃபிரேம்களைக் கை நழுவ விடுகிறது.

செலவில்லாத வழி ஒன்று உங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. 4கே டிவிகளில் பெரும்பாலும் 265 விரிக்கும் சிப் உள்ளேயே இருக்கும். வீடியோவைப் பென் டிரைவில் போட்டு டிவியின் யுஎஸ்பி துளையில் செருகுங்கள், லேப்டாப்பே வேண்டாம். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் (உள்ளே இருப்பது அழிந்துவிடும், முதலில் எடுத்து வையுங்கள்). லேப்டாப்பில்தான் பார்க்க வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 1080, ஹெச்.264 என்று மாற்றி வைத்துக்கொள்ளலாம், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள். இனி எடுக்கப் போகிற வீடியோவுக்கு, போன் கேமரா செட்டிங்கிலேயே 264-க்கு மாற்றிவிட்டால் தொல்லை விட்டது.

எங்கள் கல்யாண டிவிடி, 2003-ல் எடுத்தது. லேப்டாப் வழியாகப் புது டிவியில் போட்டால் யார் கையை ஆட்டினாலும் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வருகிறது. பழைய பெட்டி டிவியில் இப்படி வந்ததே இல்லை. டிவிடி கெட்டுவிட்டதா? தாலி கட்டுகிற இடத்தில்கூட அப்படித்தான் தெரிகிறது அண்ணா, மனசே ஆறவில்லை.
— வாசகி, காவேரிப்பட்டணம்

கெடவில்லை தங்கச்சி, பயப்படாதீர்கள். 2003 என்கிறீர்கள், கல்யாணப் பத்திரிகையில் ‘தர்மபுரி மாவட்டம்’ என்றுதான் அச்சடித்திருப்பார்கள், கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்ததே 2004-ல். அந்தக் காலத்து வீடியோ கேமரா முழுப் படமாக எடுக்காது. ஒற்றைப்படை வரிகளை ஒரு தடவை, இரட்டைப்படை வரிகளை அடுத்த தடவை என்று நொடிக்கு 50 அரைப் படங்கள். பெட்டி டிவியும் அதே வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாக வரைந்துகொண்டே போகும், அதனால் பொருந்தியது. இன்றைய தட்டை டிவி முழுப் படமாகத்தான் காட்டும். இரண்டு அரையையும் சேர்த்து ஒரே நேரத்தில் வைத்தால், இரண்டுக்கும் நடுவில் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் போயிருக்கிறதல்லவா, அதற்குள் கை நகர்ந்திருக்கும். அந்த நகர்வுதான் சீப்புப் பல். மணவறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள் சுத்தமாகத் தெரிவார்கள், அட்சதை போடுகிறவர்கள் கை மட்டும் பல் பல்லாக இருக்கும். சரிதானே?

விஎல்சி பிளேயரில் போட்டு, படம் ஓடும்போது ‘டி’ எழுத்தை ஒரு தடவை அழுத்துங்கள். அவ்வளவுதான். அது டீஇன்டர்லேஸ், அதாவது அரைப் படங்களைக் கோடு தெரியாமல் முழுப் படமாக்குகிற வேலையை ஆன் செய்யும். இன்னும் நன்றாக வேண்டுமென்றால் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸ் மோட் என்பதில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ வையுங்கள், 50 அரைப் படங்களையும் 50 முழுப் படங்களாக ஆக்கித் தரும். மேலே பாலக்கோட்டுக்காரருக்குச் சொன்ன மாதிரி டிவியை 50 ஹெர்ட்ஸில் வைத்தால் நாதஸ்வரக்காரர் விரல் ஓடுவதுகூடத் தனித்தனியாகத் தெரியும்.

இதில் உங்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். ‘பழைய கல்யாண டிவிடியை ஹெச்டி ஆக்கித் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். இந்தக் கோடுகளைப் பிரிக்காமல் அப்படியே பெரிதாக்கிவிட்டால் சீப்புப் பல் படத்தோடு ஊறிப்போய்விடும், அதற்கப்புறம் எந்தப் பொத்தானாலும் போகாது. கொடுப்பதென்றாலும் டிவிடியில் இருக்கும் ‘வீடியோ_டிஎஸ்’ ஃபோல்டரை முழுசாக ஒரு ஹார்ட் டிஸ்கிலும் இன்னொரு இடத்திலும் நகல் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் கொடுங்கள். வீட்டில் எழுதிய டிவிடியின் சாயம் வெயிலிலும் சூட்டிலும் மங்கும், இருபது வருஷத்துக்கு மேல் தாங்கியதே உங்கள் பீரோவின் புண்ணியம். இந்த வேலையை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள்.

வீட்டை ஒட்டிக் கிணறு. மோட்டார் போடுகிற நேரம் டிவி இரண்டு நொடி கறுத்துவிட்டுத் திரும்ப வருகிறது. லேப்டாப் அணையவில்லை.
— விவசாயி, ராயக்கோட்டை

இரண்டு காரணம் இருக்கலாம், கண்டுபிடிப்பது சுலபம். லேப்டாப் வயரைக் கழற்றிவிட்டு டிவியில் வேறு ஏதாவது, டிவிக்குள்ளேயே இருக்கிற ஏதாவது ஆப் அல்லது பென் டிரைவில் உள்ள பாட்டு, ஓடவிடுங்கள். யாரையாவது மோட்டாரைப் போடச் சொல்லுங்கள்.

அப்போதும் கறுத்தால் வோல்டேஜ் இறங்குகிறது. மோட்டார் கிளம்பும் அந்த நேரத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும். லேப்டாப்புக்கு பேட்டரி இருப்பதால் அது கண்டுகொள்ளாது, டிவி கண்டுகொள்ளும். இது எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டிய வேலை.

கறுக்கவில்லை, லேப்டாப் வயர் மாட்டினால் மட்டும் கறுக்கிறது என்றால், ஸ்டார்ட்டரில் அடிக்கிற பொறியின் இரைச்சல் ஹெச்டிஎம்ஐ வயரில் ஏறுகிறது. டிவியும் லேப்டாப்பும் ஒரு கணம் கை விட்டு மறுபடி கை கோக்கிற நேரம்தான் அந்த இரண்டு நொடி. வயரைக் குட்டையாக்குங்கள், மோட்டாருக்குப் போகிற லைனை ஒட்டி ஓடவிடாதீர்கள், இரண்டையும் எர்த் உள்ள ஒரே போர்டில் செருகுங்கள். எர்த் குழியையும் போய்ப் பாருங்கள், கோடையில் காய்ந்து கிடக்கும், தண்ணீர் ஊற்றி எத்தனை நாள் ஆச்சு? வயரைச் செருகும்போது விரலில் சுரீர் என்று ஏதாவது தட்டினால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எர்த் சரியில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்கிற வரை டிவி, லேப்டாப் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு வயரை மாட்டுங்கள்.

யூடியூப் மட்டும் திக்குகிறது. நெட்டா, லேப்டாப்பா?
— தளி

ஓடுகிற வீடியோ மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள், ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்று கடைசியில் இருக்கும். திறந்தால் எண்களாகக் கொட்டும். இரண்டைப் பார்த்தால் போதும். ‘பஃபர் ஹெல்த்’, அதாவது முன்கூட்டியே இறங்கி நிற்கிற வீடியோ, சுருங்கிச் சுருங்கிப் பூஜ்யத்துக்கு வந்தால் நெட். அது நன்றாக இருக்கும்போதே ‘ஃபிரேம்ஸ்’ வரியில் ‘டிராப்டு’ (நழுவவிட்ட ஃபிரேம்) எண் ஏறிக்கொண்டே போனால் லேப்டாப், ஓசூர்க்காரருக்குச் சொன்ன அதே கதைதான், தரத்தை 1080-க்கு இறக்குங்கள். நெட் என்று தெரிந்தால் திட்டத்தை உடனே பெரிதாக்காதீர்கள், வைஃபை பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு லேன் வயர் போட்டுப் பாருங்கள். கல் கட்டிய பழைய வீடாக இருந்தால் சுவரே பாதி வைஃபையைத் தின்றுவிடும்.

படத்தின் நாலு ஓரமும் வெட்டுப்படுகிறது, சப்டைட்டில் பாதி தெரியவில்லை.
— ஊத்தங்கரை

டிவியின் பிக்சர் செட்டிங்கில் படத்தின் அளவை ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று ஏதாவது ஒரு பெயரில் வைத்திருப்பார்கள், அதைப் போடுங்கள். பெட்டி டிவி காலத்தில் ஓரத்தை மறைத்துக் காட்டிய பழக்கம் இன்னும் விடவில்லை.

தெருக்கூத்து வீடியோ சார். டிவியில் போட்டு ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்டால் அடி முன்னாடி விழுகிறது, சத்தம் பின்னாடி வருகிறது.
— பென்னாகரம்

ப்ளூடூத்தின் குணமே அதுதான், சத்தத்தைச் சுருட்டி அனுப்பி விரிப்பதற்குள் கொஞ்ச நேரம் ஆகிவிடும். வயர் ஸ்பீக்கர் போட்டால் போய்விடும். இல்லை, இதுதான் இருக்கிறது என்றால் விஎல்சியில் ‘ஜே’, ‘கே’ என்ற இரண்டு எழுத்தும் சத்தத்தை 50 மில்லிசெகண்ட் வீதம் முன்னும் பின்னும் தள்ளும். ஒன்றை அழுத்தி மோசமானால் மற்றதை அழுத்துங்கள். முகவீணையைப் பார்த்துச் சரிபார்க்காதீர்கள், பிடிபடாது. ஜதி மாறுகிற இடத்தில் மிருதங்கக்காரர் கையைப் பாருங்கள்.

அரைமணி நேரம் அருமையாக ஓடுகிறது, அப்புறம்தான் திக்க ஆரம்பிக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறை.
— கிருஷ்ணகிரி

கேள்வியிலேயே பதிலை எழுதிவிட்டீர்கள். கல்தூசு ஃபேனில் அப்பிக்கொண்டு காற்று போகவில்லை, சூடு ஏறியதும் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மெத்தை மேல் வைத்து ஓட்டினால் இன்னும் சீக்கிரம். மெக்கானிக்கிடம் கொடுத்து ஃபேனைத் திறந்து துடைக்கச் சொல்லுங்கள், உங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தேவைப்படும். அதுவரை அடியில் இரண்டு புத்தகத்தை ஓரங்களில் வைத்து லேப்டாப்பைத் தூக்கி நிறுத்துங்கள், நடுவில் காற்று போகட்டும்.

எங்கள் பாட்டி புது டிவியில் பழைய படம் பார்த்துவிட்டு, ‘என்னடா இது, சீரியல் மாதிரி வழவழன்னு ஓடுது, சினிமா மாதிரியே இல்லையே’ என்கிறார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பாட்டி கண்ணில் கோளாறா, டிவியிலா?
— கல்லூரி மாணவர், அரூர்

பாட்டிக்குக் கண் நன்றாக இருக்கிறது. 24 ஃபிரேமுக்கு நடுவில் டிவியே கற்பனையாகப் புதுப் படங்களை வரைந்து செருகுகிறது, அதனால்தான் அந்த வழவழப்பு. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்று ஆளுக்கொரு பெயர். அணைத்துவிடுங்கள். கிரிக்கெட் பார்க்கும்போது வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் ரிமோட் பாட்டி கையில் இருந்தால் அதுவும் நடக்காது.